விட்டுக்கொடுத்த மண்டபம்

எங்கள் தமிழ்ச் சங்கத்து மண்டபம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபம். நான் கோவில்பட்டியிலிருந்து கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு வாக்கப்பட்டு வந்தபோது என் வரவேற்பு அங்கேதான் நடந்தது. ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத நீளக் கூடம், இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள். அப்புறம் ஊரெல்லாம் ஏசி ஹால் வந்துவிட்டது. வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட யாருக்கு என்ன தலையெழுத்து? மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். பொங்கலன்றைக்கு மட்டும் திறந்து, கூட்டிப் பெருக்கி, பானை வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி பூட்டுவார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்க வைத்தது ஒரு மலையாளி டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சின்ன வயசில் ஜிம்னாஸ்டிக்ஸில் பெரிய போட்டிகளுக்கெல்லாம் போனவர், முழங்கால் போனபிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர். தூண் இல்லாத கூடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான் என்று சங்கத்தாரிடம் வந்து கெஞ்சினார். சும்மா கிடக்கிற மண்டபம்தானே, சாயங்காலம் பிள்ளைகள் குதித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். எங்கிருந்தோ பழைய மேட்டுகள் வந்தன, விழுந்தால் அடிபடாமலிருக்க விரிக்கிற தடி மெத்தைகள். எங்கோ கழித்துப் போட்ட ஒரு பீமும் வந்தது. பீம் என்பது நெஞ்சு உயரத்தில் நிற்கிற நீளக் கட்டை. ஒரு பாதம் வைக்கத்தான் அதில் அகலம். அதன்மேல் பிள்ளைகள் நடக்கும், துள்ளும், அப்படியே பின்னால் வளைந்து குட்டிக்கரணம் போடும். என் மகள் முதல்தடவை அதில் ஏறியபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எங்கள் ஊர்ச் சாமிகள் அத்தனை பேரையும் கொச்சிக்கு வரவழைத்தேன்.

வீட்டில் அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அலுங்காமல் கொண்டுவர மாட்டாள். நிலைப்படியில் இடித்துக்கொள்வாள், தன் செருப்பையே தடுக்கி விழுவாள். "ஏட்டி, கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க?" என்று நான் கத்தாத நாளில்லை. ஆனால் அந்தக் கட்டையில் ஏறிவிட்டால் அவள் வேறு பிள்ளை. எனக்கே சந்தேகம் வரும், இது நம்ம வயிற்றில் பிறந்ததுதானா என்று. அவள் ஏழாவது படிக்கும்போது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவளுக்கு இனி ரெண்டு வருஷம்தான் முக்கியம். அதுக்குள்ள ஸ்டேட் லெவலுக்குத் தயாராகணும். உடம்பு வளந்துட்டா அப்புறம் பிடிக்க முடியாது. ஒருநாள்கூடப் பயிற்சி முடங்கக் கூடாது." எனக்கு ஸ்டேட்டும் தெரியாது லெவலும் தெரியாது. ஆனால் ரெண்டு வருஷம் என்றது மட்டும் நெஞ்சில் ஆணி அடித்தமாதிரி நின்றுவிட்டது.

அந்த வருஷம்தான் கூரை ஒழுக ஆரம்பித்தது. கொச்சி மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மேட்டுகளுக்கு நடுவில் வாளி வைத்தோம், அப்புறம் வாளிகளுக்கு நடுவில் மேட்டு போட்டோம். ஒருநாள் பிள்ளைகள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் ஓடு ஒன்று சரிந்து பீமுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: கூரையைச் சரிபண்ணாமல் இனி ஒரு பிள்ளையையும் உள்ளே விட முடியாது.

சங்கத்தில் காசில்லை. இருப்பதெல்லாம் ஒரு பெயர்ப்பலகை, ஒரு மண்டபம், நிறைய வாய். கவுன்சிலரிடம் போனார்கள். சுறுசுறுப்பான அம்மா அவர், மலையாளத்தில் பட்பட்டென்று பேசுவார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரைக்கும் இதுதான்: பொதுப்பணத்தைப் பொது இடத்தில்தான் செலவு பண்ணலாம். தனியார் சங்கத்தின் கூரையில் ஒரு ஓடு மாற்றினால்கூட நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். அதனால் இதை வார்டு சபையில் வைப்போம், ஊர்க்காரர்கள் பேசட்டும், சங்கமும் தன் முடிவைச் சொல்லட்டும். கூரை மட்டுமில்லை, புது மேட்டு, புது பீம், தரைக்கு ஸ்பிரிங் எல்லாமே கேட்டு வாங்கலாம் என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! மண்டை காய்ந்துபோய்விட்டது.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்தான் அப்போது சங்கத்துச் செயலாளர். பஜாரில் பலசரக்குக் கடை. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதே ஊர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், படிக்கிற பேப்பர் மலையாளம், கனவில் பேசுவதும் மலையாளம் (நான் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்). கல்யாணமான புதிதில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "குழப்பமில்ல" என்பார். குழப்பம் இருக்கிறதென்று நான் எப்போது சொன்னேன் என்று விழிப்பேன். இந்த ஊரில் அதற்குப் 'பரவாயில்லை' என்று அர்த்தமாம். 'நல்ல அவசரம்' என்றால் நல்ல வாய்ப்பாம். நம் வீட்டு டப்பாக்களை எடுத்து உள்ளே வேறு சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள். மிளகாய்ப்பொடி என்று திறந்தால் காப்பிப்பொடி இருக்கிறது. நான் இத்தனை வருஷமாகத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்துத்தான் பேசுகிறேன்.

முதலில் சங்கத்துக்குள் கூட்டம். தலைவர் பாத்திரக்கடைக்காரர், கனமான மனுஷன், குரலும் அப்படி. "சாவி நம்ம கையை விட்டுப் போகக்கூடாது. நம்ம பெரியவங்க பிடி அரிசி சேத்துக் கட்டின எடம் இது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சரிதானே என்று பட்டது. உடனே இன்னொருத்தர் எழுந்து, "சாவி உங்க கையில இருக்கும், ஓடு பிள்ளைங்க தலையில இருக்கும்" என்றார். அட, அதுவும் சரிதானே! மூன்றாவது ஆள், "அங்க வர்ற பிள்ளைகள்ல நம்ம சங்கத்துப் பிள்ளைங்க விரல் விட்டு எண்ணலாம். மத்ததெல்லாம் ஊர்ப் பிள்ளைங்க. நாம எதுக்கு இந்தப் பாட்டைப் படணும்?" என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பெண்கள் பின்வரிசையில் உட்காருவதுதான் அங்கே வழக்கம். நான் பின்வரிசையிலிருந்தே கத்தினேன்: "ஏன் அண்ணாச்சி, விழுகிற பிள்ளை நம்ம பிள்ளையா ஊர்ப்பிள்ளையான்னு பாத்துட்டா மேட்டு தாங்குது?" கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் இழுபறி எதில் வந்து நின்றது தெரியுமா? வாரத்தில் இரண்டு சாயங்காலத்தில்! செவ்வாயும் வெள்ளியும் பஜனைக்கும் சங்கத்து விசேஷங்களுக்கும் கூடம் வேண்டும் என்று தலைவர் பிடிவாதம். அங்கே பஜனை நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது, பாடத் தெரிந்தவர்களே இல்லை, அது வேறு விஷயம். தினமும் வேண்டும் என்று டீச்சர் சொல்கிறார், ஒருநாள் விட்டால் உடம்பு மறந்துவிடும் என்கிறார். என் வீட்டுக்காரர் தலைவர் பக்கம். "சங்கத்துக்கும் ஒரு மரியாத வேண்டாமோ?" என்றார் வீட்டுக்கு வந்து.

"மரியாதையைக் கொண்டுபோய் ஒழுகுற எடத்துல வாளிக்குப் பதிலா வைங்க" என்றேன். அப்புறம் கோபம் கொஞ்சம் தணிந்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்: "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்னங்க கொறைஞ்சுபோகும்?"

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது திருநீறு பூசுகிற ஒவ்வொருத்தரும் சொல்கிற புத்திமதி அது. விட்டுக்கொடுத்துப் போ, விட்டுக்கொடுத்துப் போ. என் நெற்றியில் திருநீறு கனத்ததோ இல்லையோ, அந்த வார்த்தை கனத்தது.

"நீ என்னிக்கு விட்டுக்கொடுத்திருக்க?" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"உங்க ஊருக்கே வந்தேனே, அது போதாதா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, ஹால் திறக்குமா திறக்காதா?" அவர் அவள் தலையைத் தடவிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வார்டு சபை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்ம விஷயம் வருவதற்குள் ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று எல்லாம் வந்துபோனது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் ஒரு பெரியவர் துள்ளி எழுந்தார். "எங்க தெருவுல ஓடை நிரம்பி வீட்டுக்குள்ள வருது. கொசுவுக்கு மருந்தடிக்கக் காசில்ல. குட்டிக்கரணத்துக்குக் காசா?" என்று மலையாளத்தில் ஒரு போடு போட்டார். நியாயமான கேள்வி! எங்கள் தெருவிலும் அதே ஓடைதான், அதே கொசுதான். நான் அவர் கட்சி ஆகிவிட்டேன். அடுத்து ஒரு இளைஞன், கண்ணாடி போட்டவன், தனியார் அகாடமி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம், அவர்கள் பீஸ் வாங்கி நடத்தட்டும், வரிப்பணம் மிச்சம் என்றான். அதுவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பீஸ் எவ்வளவு இருக்கும் என்று யாரோ கேட்டார்கள். அவன் சொன்ன பதிலில் நான் அவன் கட்சியிலிருந்து விலகினேன்.

அப்புறம் மீன் விற்கிற ஒரு பெண் எழுந்தாள். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். "என் மகளும் மணல்ல கரணம் போடும். அந்த ஹால் பக்கம் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ஆனா போர்டுல தமிழ்ச் சங்கம்னு எழுதியிருக்கு. உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு வெளியே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருவோம்" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. யாரையும் நாங்கள் தடுத்ததில்லை. ஆனால் வாங்க என்று யாரைக் கூப்பிட்டோம்? பொது இடம் என்றால் அவள் தயங்காமல் வந்திருப்பாளே. அப்படியானால் அது பொது இடமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் சாவி? பெரியவர்களின் பிடி அரிசி? என் தலைக்குள் ஆளாளுக்கு எழுந்து நின்று பேசினார்கள். ஒருத்தரையும் என்னால் உட்காரவைக்க முடியவில்லை.

கவுன்சிலர் கேட்டார்: "சங்கம் என்ன சொல்லுது?"

தலைவருக்கு மேடைப் பேச்சு வராது, வந்தால் சண்டைதான் வரும். அதனால் என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார். இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். மைக் கீச்சென்று கத்தியது. மகளை ஒருதடவை பார்த்தார். "பிள்ளைகளுக்கு வேண்டி…" என்று ஆரம்பித்தார். பிள்ளைகளுக்காக என்பதை அவர் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார். "பிள்ளைகளுக்கு வேண்டி, சங்கம் விட்டுக்கொடுக்க தயார்."

கூடமே கைதட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். செவ்வாயையும் வெள்ளியையும் விட்டுக்கொடுத்துவிட்டார்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை நாலுபேர் முன்னால் செய்திருக்கிறார் மனுஷன்! தலைவர் மூஞ்சி சுருங்கியதைப் பார்த்தேன், இரண்டு சாயங்காலம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். கவுன்சிலர் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு சாயங்காலத்துக்கு இவ்வளவு குலுக்கலா என்று ஒரு சின்ன நெருடல். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் வார்டு வாட்ஸ்அப்பில் என் புருஷன் படம். மாலை போட்டமாதிரி ஓரத்தில் பூவெல்லாம் வைத்து, மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஐயோ, என்ன ஆச்சு என்று பதறி மகளிடம் ஓடினேன். அவள் வாசித்தாள்: குழந்தைகளுக்காக மண்டபத்தை விட்டுக்கொடுத்த தமிழ்ச் சங்கத்துக்கு நன்றி.

"மண்டபத்தையா? செவ்வாய், வெள்ளியைத்தானேடி விட்டுக்கொடுத்தார்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் திக்கும், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. "அம்மே, ஒரு எடத்தை விட்டுக்கொடுக்கறதுன்னா ஒப்படைச்சிடறது. ரோட்டுக்கு நிலம் விட்டுக்கொடுத்தார்னு பேப்பர்ல வரும்ல, அது."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. எங்கள் ஊரில் அது வளைந்துகொடுப்பது. இந்த ஊரில் அது கைகழுவிக் கொடுப்பது. 'விட்டுக்கொடுக்கத் தயார்' என்றால் தமிழ், 'விட்டுக்கொடுக்கான் தயார்' என்றால் மலையாளம். இவர் சொன்னதில் நடுவில் 'த்' இருந்ததா 'ன்' இருந்ததா? மைக் கீச்சிட்ட நேரத்தில் எவன் கேட்டான்? பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

பாத்திரக்கடைத் தலைவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார். "யாரைக் கேட்டு கொடுத்தீரு? உம்ம வீட்டுச் சொத்தா?" என்று கத்தினார். இவர், "நான் பறஞ்சது அதில்ல" என்றார். அதையும் மலையாளத்தில் சொன்னார், புண்ணியவான். நான் குறுக்கே விழுந்து, "அண்ணாச்சி, அவர் தமிழ்ல சொன்னாரு, அவங்க மலையாளத்துல கேட்டுக்கிட்டாங்க" என்றேன். "உம்ம வீட்டுக்காரரு என்னிக்குத் தமிழ்ல பேசினாரு?" என்றார் தலைவர்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். நம்ம அவசரம், அவர்கள் அவசரமில்லை. திரும்ப வாங்கிவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. சங்கம் ஒப்புக்கொள்ளாமல் யாரும் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று ஒருத்தர் போய்ச் சொன்னால் போதும். யார் போவது? "நீங்க தலைவர், நீங்க போங்க." "சொன்னது செயலாளர், அவரே போகட்டும்." "மூத்தவங்க போனாத்தான் மரியாதை." இதற்குள் சாலையில் பார்க்கிறவர்களெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கொங்கணி வியாபாரி ஒருவர் தலைவர் கடைக்கே வந்து, உங்கள் ஆட்களுக்குப் பெரிய மனசு என்று இனிப்பு கொடுத்துவிட்டுப் போனாராம். தலைவர் அதைக் கூட்டத்தில் சொல்லும்போது பாதி கோபம், பாதி பெருமை. பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பிடுங்கினான் என்ற பேர் வந்தால் நாளைக்கு எவன் கடைப்படி ஏறுவான் என்று ஒருத்தர் முனகினார். எல்லாரும் கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தலைவர் கை கடைசியாக, அதுவும் தோள்வரைக்கும்தான். வேண்டாம் என்று நினைத்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வேண்டும் என்று முடிவெடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முடிவு இதுதான்: மண்டபத்தை மாநகராட்சிக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பது. பொங்கலன்று சங்கத்துக்கு. நடத்துகிற குழுவில் சங்கத்துக்கு ஒரு நாற்காலி. என் வீட்டுக்காரர் எழுந்து இன்னொன்று சேர்க்கச் சொன்னார்: இப்போது பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதல் இடம். அது போதும் எனக்கு. அடுத்த பள்ளி திறப்பதற்குள் வேலை முடியும் என்றார்கள். கசப்பெல்லாம் கழிந்து அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

வேலை முடியவில்லை. கூரையைப் பிரித்துப் போட்ட காண்ட்ராக்டர் பாதியில் காணாமல் போனார். பிரித்த கூரைக்கு மேல் மழை வந்தது. மறுபடி டெண்டர், அப்புறம் தேர்தல், புதுக் கவுன்சிலர், அப்புறம் இன்னொரு மழை. யாரைத் திட்டுவது? அந்தந்த ஆளைக் கேட்டால் அவரவர் சொல்வதில் நியாயம் இருந்தது. வானத்தைத் திட்டினேன். அதற்குக் காது கேட்காது.

மகளை எர்ணாகுளம் பக்கம் ஒரு இடத்தில் சேர்த்துப் பார்த்தோம். பள்ளி விட்டதும் பஸ், பாலத்தில் நெரிசல், தேவரா தாண்டுவதற்குள் பாதி சாயங்காலம் போய்விடும். போய்ச் சேரும்போது மற்ற பிள்ளைகள் உடம்பைச் சூடுபண்ணி முடித்திருப்பார்கள். திரும்பி வந்து சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்குவாள். பரீட்சையில் மார்க் சரிந்ததும் நான்தான் நிறுத்தினேன், ஹால் திறந்ததும் போகலாம் என்று. டீச்சரும் திருப்பூணித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மகள் வீட்டு நடையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு அதன்மேல் கொஞ்சநாள் நடந்தாள். என் துடைப்பம் அதை அழித்துவிடாமல் பார்த்துப் பெருக்கினேன். அப்புறம் அவள் கோடு போடுவதை நிறுத்திவிட்டாள். மளமளவென்று வளர்ந்தாள். ஒருநாள் சமையலறையில் மேல்தட்டு டப்பாவை எனக்கு எடுத்துக்கொடுத்தாள். நான் எக்கி நின்று எடுக்கிற டப்பா அது.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். கடையில் கூட்டமில்லாத மத்தியானம். "உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு அதைத் தமிழ்ல சொன்னீங்களா, மலையாளத்துல சொன்னீங்களா?"

"எதை?"

"எதைன்னா? ஊருக்கே தூக்கிக் கொடுத்தீங்களே, அதை!"

அவர் மிளகு அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து, கையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்தார். "எடீ, கூரை வேணும்னு நெனச்சேன். இவ விழுந்திரக் கூடாதுன்னு நெனச்சேன். எந்த பாஷையில நெனச்சேன்னு கேட்டா நான் எங்கே போக? எனக்கு அது ரெண்டு பாஷையா இல்ல."

"அப்படின்னா ரெண்டு சாயங்காலத்தைக் கொடுத்தீங்களா, முழுசையும் கொடுத்தீங்களா?"

"இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

"எந்த அர்த்தத்துல?"

"போடீ, சாயா ஆறிப் போகுது" என்றார். அவருக்குக் கண் சிவந்திருந்தது. மிளகு நெடியோ என்னவோ. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் சாயாவை நானே குடித்துவிட்டு வந்தேன்.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் மண்டபம் திறந்தது. என்ன சொல்ல, கண் பட்டுவிடும்! ஒழுகாத புதுக் கூரை, வரிசையாக விளக்கு, நீல நிற மேட்டு, காலை வைத்தால் மேலே தள்ளுகிற தரை, ஒன்றுக்கு இரண்டு பீம். கட்டணம் எல்லாரும் கட்டக்கூடிய அளவில்தான். வாசலில் சங்கத்து போர்டைக் கழற்றாமல், அதற்கு மேல் பெரிதாக இன்னொரு போர்டு வைத்திருந்தார்கள். இடக்கொச்சியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மீன்காரப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவள் மகள் அந்தத் தரையில் ஓடிப்போய் அடுத்தடுத்துக் கரணம் போட்டபோது நான் என்னை மறந்து "ஏ சபாஷ்!" என்று கத்திவிட்டேன். இதுவா தப்பாகிப்போன காரியம்? இதைவிடச் சரியாக எது நடந்திருக்கும்? மேடையில் என் வீட்டுக்காரருக்கும் தலைவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, இது நாங்கள் மனசாரக் கொடுத்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை, இப்போது அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

புதுப் பயிற்சியாளரிடம் மகளைக் கூட்டிப் போனேன். பழைய பிள்ளை, முதல் இடம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருப்பதைச் சொன்னேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், தோளைத் தொட்டாள். "இடம் கண்டிப்பா உண்டு. இந்த வயசுக்குப் போட்டிப் பயிற்சி இல்ல. காலையில உடற்பயிற்சி வகுப்பு இருக்கு, அம்மாமார்களும் வராங்க, நீங்களும் சேரலாம்" என்றாள். மகள் சிரித்து, தேங்க்யூ சொன்னாள்.

அப்புறம் அவள் பீமிடம் போய் நின்றாள். முன்னே அவள் நெஞ்சுக்கு வந்த உயரம் இப்போது இடுப்பைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து நடந்தாள். ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். மீன்காரப் பெண்ணின் மகள் ஓடிவந்து, "சேச்சி, ஒண்ணு மாறிக்கே, நான் கேறணும்" என்றாள். என் மகள் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். அந்தச் சின்னது தொற்றி ஏறி, தடுமாறி, நின்றது. என் மகள் அதன் இடுப்புக்குப் பக்கத்தில், தொடாமல், இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அது அந்த ஓரம் போய்ச் சேரும்வரை கூடவே நடந்தாள்.

வெளியே வந்து பஜார் ரோட்டில் நடக்கும்போது, "ஏறிப் பாத்திருக்கலாமேட்டி" என்றேன்.

"ஜீன்ஸ் போட்டிருக்கேன்லம்மா."

கொஞ்ச தூரம் நடந்தோம். "பசிக்குதா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "ரொம்ப நல்லா கட்டியிருக்காங்கம்மா." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள், நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளைமாதிரி.